கத்துக்குட்டி

"இன்னைக்கு அந்தக் கத்துக்குட்டிக்கு ஒரு முடிவு கட்டறேன்!" என்று லேப்டாப்பைத் திறந்தாள் பேராசிரியை.

புள்ளியியல் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்காக அவள் நடத்தும் இணையக் குழு அது. ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் ஆய்வுக் கட்டுரைகளை மும்முரமாக அலசிக்கொண்டிருக்கும்போது, 'கத்துக்குட்டி' என்ற பேரில் ஓர் ஆசாமி நடுவில் புகுந்து அரிச்சுவடி கேட்பான்.

'மாறிலின்னா மாறி இல்லாததா, மாறாததா?'

மாறாத எண்ணான 'கான்ஸ்டன்ட்' பற்றி, இது காலையில் வந்த கேள்வி. குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கோ கோபம் மூக்குக்கு மேல் வந்தது. குழுவின் இன்னொரு அட்மினான தோழிக்குப் போன் போட்டாள்.

"தூக்கிடலாம்டி அவனை."

"பாவம்டி, தெரியாமத்தானே கேக்கறான்?"

"தெரியலைன்னா பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். எங்க வீட்டுக்காரரும் அதே குழுவுலதான் இருக்கார். தண்ணி பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்துக்கிட்டே, நாப்பது வயசுல ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கார். ஒரு நாளாவது இப்படி அசட்டுத்தனமா கேட்டிருப்பாரா?"



'இது அரிச்சுவடி வகுப்பல்ல. வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்' என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டு, அவனை நீக்கினாள். கைதட்டல் குறிகள் வந்து குவிந்தன. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னங்க, முகமே சரியில்லை?"

"படிப்பை விட்டுட்டேன். கடிதம் கொடுத்துட்டு வரேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! ஆறு வருஷம் காத்திருந்து கிடைச்ச இடமாச்சே! ஏன்?"

"புள்ளியியல் மண்டையில ஏறலை. நமக்கெல்லாம் ஒத்துவராது."

"ஏறலைன்னா வாயைத் திறந்து கேக்கறதுதானே? குழுவுல ஆயிரம் பேர் இருக்காங்க. வீட்டுல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வீட்டுல ஒரு தடவை கேட்டேன், நீ சிரிச்சுட்டே. குழுவுல என் பேர்ல கேட்டா, 'அட்மினோட புருஷனுக்கு இதுகூடத் தெரியலை'ன்னு எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்களேம்மா... அதான், கத்துக்குட்டின்னு பேர் வச்சுக்கிட்டுக் கேட்டேன்."