கோயில் மைக்

மலேசியாவின் ஈப்போவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சலாஹுதீன், கோப்பெங் பக்கத்துத் ரப்பர் தோட்டத்துக் கோயிலிலிருந்து பழுது பார்க்க வந்த மைக்கை மூன்று ஆம்ப்ளிஃபயர்களில் மாட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் “ஒன்னு, ரெண்டு, மூணு” என்று சொன்னார். எதிலும் சத்தம் வரவில்லை. கழற்றினால் உள்ளே காந்தமும் இல்லை, சுருளும் இல்லை, வெறும் கூடு. அதை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் கடை திறந்ததுமே கோயில் தலைவர் சின்னையா வந்தார்.

“சரியாயிருச்சு போல, பாய். நேத்து எங்க கோயில் ஸ்பீக்கர்ல உங்க குரல் கேட்டுச்சுலா. பதினொன்னு வரைக்கும் எண்ணுனீங்க.”

“நான் மூணோட நிறுத்திட்டேனே, அண்ணே.”

“தோட்டத்துல மிஞ்சின குடும்பமும் பதினொன்னுதான். எங்களத்தான் எண்ணுறீங்கன்னு சிரிச்சோம்.”

சலாஹுதீன் அலமாரியைத் திறந்தார். மைக் வைத்தபடியே இருந்தது.

“ஆனா இன்னிக்கு விடியக்காலையில பத்தோட நிறுத்திட்டீங்க,” என்றார் சின்னையா. “எந்த வீட்ட விட்டுட்டீங்க, பாய்?”