குளியலறைப் பாட்டு

குளியலறையில் மகள் நிலானி பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சுகிர்தாவின் போன் அடித்தது. இசைக் கம்பெனியிலிருந்து பேசினார்கள். சுகிர்தாவின் குரல் இருபது வருடங்களாக அவர்களுக்குச் சொந்தம். அவள் பேசலாம், பாடக்கூடாது; அதைக் கண்காணிக்க வீட்டில் அவர்களுடைய மைக் இருந்தது. அதே குரல் வேறு யாருக்கு வாய்த்தாலும் அதுவும் கம்பெனிக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு கையெழுத்துப் போட்டபோது அதைப் படித்துவிட்டுச் சிரித்திருந்தாள்.

“மேடம், உங்க வீட்ல உங்க குரல்ல பாட்டு கேக்குது. நீங்கதானே?”

சுகிர்தா குளியலறைக் கதவைப் பார்த்தாள். நல்லவேளை, உள்ளே பாட்டு நின்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஆமா சார், நான்தான். ஏதோ ஞாபகத்துல பாடிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

“அப்பாடா! வேற யாரோன்னு நினைச்சிட்டோம்.” அவர் சிரித்தார். “இன்னொரு தடவை பாடினா பேசறதுக்கும் தடை வந்துடும் மேடம், பாத்துக்குங்க.”

“இனிமே வாயே திறக்க மாட்டேன் சார்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள், குளியலறையிலிருந்து அவளுடைய குரலே சரணத்தை எடுத்தது.

போனில் சிரிப்பு நின்றது.

“மேடம், உங்க பொண்ணுக்கு இப்ப என்ன வயசு?”