கைப்பையில் கொஞ்சம் ரிங்கிட்

நீலாவதி கேட்டது நூறு ரிங்கிட் நோட்டு. எதிர்வீட்டு உமா மகேஸ்வரி நீட்டியதோ, கசங்கிப்போன பத்தும் ஐந்தும் ஒன்றும்.

"என்ன உமா இது, கோயில் உண்டியலை உடைச்சியா?"

எல்லாம் பழக்கதோஷத்தால் வந்த வினை. அந்தமான்காரர்களுக்கு எது வேண்டுமானாலும் சென்னையில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. விமானம் போர்ட் பிளேரிலிருந்து நேரே கோலாலம்பூர் போகிறது, நடுவில் சென்னையே கிடையாது என்பது நீலாவதிக்குக் கடைசி நேரத்தில்தான் உறைத்தது. பேங்கில் கேட்டால், மெயின்லேண்டிலிருந்து வரவழைக்கணும் என்று கையை விரித்துவிட்டார்கள். நாளைக்கு விமானம்.

அவர்கள் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட் பகுதியில் அவளுக்குத் தெரிந்து மலேசியா போய் வந்தவள் உமா ஒருத்திதான். அங்கே வேலையிலிருக்கும் மகன் சிவபிரகாஷோடு ஒரு மாதம் இருக்கப்போனவள், ஒரே வாரத்தில் திரும்பி வந்து, அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அந்தமானில் இல்லாத வெயிலா என்று தெருவே சிரித்தது. முதலில் சிரித்தது நீலாவதி.

கணவர் கண்ணை மூடியதிலிருந்து நீலாவதி வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் கௌதம், அடுத்த லீவுக்குப் பார்க்கலாம், அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, இப்போதுதான் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறான். மருமகள் கையில் மொடமொடவென்று ஒரு நூறை வைத்துக் கொடுத்தால்தானே மாமியாருக்கு மரியாதை?

உமாவின் பர்ஸில் நூறு ரிங்கிட் நோட்டுகள் எட்டிப் பார்த்தன. அதைக் கொடு என்றாள் நீலாவதி.

"தரேன்க்கா. முதல்ல இதைப் பிடிங்க."

தனக்கு உதவாததை அடுத்தவள் தலையில் கட்டுகிறாளே, மகா கஞ்சம். நீலாவதிக்கு எரிந்தது. இந்தச் சில்லறைக்கெல்லாம் ரூபாய் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"ரூபா வேணாம்க்கா. பெட்டிக்குள்ள போட்டுடாதீங்க, கையோட வெச்சுக்கங்க. நூறை நீட்டினா அங்க டாக்ஸிக்காரன் மீதி இல்லைம்பான். கௌதம் அட்ரஸையும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கங்க. நம்ம சிம் அங்க எடுக்காது."

"எனக்கெதுக்கு டாக்ஸி? கௌதம் கார் எடுத்துக்கிட்டு வந்து நிப்பான்."

உமா நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவினாள். நீலாவதியின் கைப்பை ஜிப்பைத் தானே திறந்து உள்ளே வைத்தாள்.

"சிவாவும் அப்படித்தான் சொன்னான்க்கா."