எதிர்த் தரப்புக்கு ஒரு நகல்

"உங்களுக்கு நான் உதவ முடியாதும்மா."

கோர்ட்டிலிருந்து வந்த பேப்பரை மடித்துத் தையல்காரியிடம் திருப்பி நீட்டினாள் வக்கீலம்மா.

நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்த அறை. வக்கீல் வைக்க வழியில்லாமல் தாங்களே வாதாட வருகிறவர்களுக்கு இலவச சட்ட உதவி என்று கதவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போட்டு என்ன பிரயோஜனம்?

"ஏம்மா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. உங்க மேல கேஸ் போட்டவர் போன வாரமே எங்ககிட்ட வந்துட்டார். ஒரே கேஸ்ல ரெண்டு பக்கத்துக்கும் நாங்க உதவக் கூடாது."

கேஸ் போட்டவர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன்தான். அப்பா விட்டுப்போன வீட்டை விற்க வேண்டுமாம், அவள் காலி பண்ண வேண்டுமாம். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், பின்னறையில் அவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும். காலி பண்ணினால் நடுத்தெருதான்.

"அவனுக்கு வக்கீல் வைக்கவா வசதியில்லை? நல்ல பென்ஷன் வருதும்மா! இங்க எதுக்கு வந்தான்?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"நான் சொல்றேன். எனக்கு இந்தக் கதவு திறக்கக் கூடாதுன்னே முந்திக்கிட்டு வந்திருக்கான் பாவி!"

வக்கீலம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்படியே மென்று விழுங்கிவிட்டாள்.

"பயப்படாம மேல போய் நில்லுங்கம்மா. இதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க."

பயப்படாமலாமே! சொல்கிறவளுக்கு என்ன போச்சு? பதினோரு மணிக்குக் கேஸ். பதில் மனு கொடுக்க இன்றுதான் கடைசி நாள். தையல்காரி பேப்பரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். எப்படி வாசலுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வாசலில் மனு டைப் அடித்துக் கொடுப்பவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உட்காருங்க. என்ன கேஸு?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வெறுமனே 'எனக்குப் போக்கிடம் இல்லை'ன்னு எழுதினா யாரும்மா திரும்பிப் பார்ப்பா? கொஞ்சம் அழுத்தமா இருக்கணும். அண்ணன் குடிப்பாரா?"

"சேச்சே, தொட மாட்டார்."

"கை நீட்டியிருக்காரா?"

"இல்லைங்க."

"அப்ப வீடு போச்சு."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார் மனுஷன்! மகளின் புத்தகப் பையும் துணி மூட்டையும் தெருவில் கிடப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

"எழுதுங்க," என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

தினமும் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். கழுத்தை நெரித்தார். வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு அவர் வந்து போகிற வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. டைப் அடிப்பவர் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மாடியில் கேஸ் நம்பரைக் கூப்பிட்டதும் அவள் முன்னால் போய் நின்றாள். அண்ணன் எதிர்ப்பக்கம் தனியாக நின்றார். பாதியாக இளைத்திருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குமாஸ்தா அவள் மனுவை வாங்கினார். ஒன்றை நீதிபதியின் மேஜைமேல் வைத்தார். "எதிர்த் தரப்புக்கு ஒரு நகல்," என்று இன்னொன்றை அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் அதைப் பிரிக்கவேயில்லை. "ஐயா, அதுக்கு முன்னாடி நான் ஒரு பேப்பர் கொடுக்கணும்," என்றார்.

போச்சு, இன்னும் என்ன வைத்திருக்கிறானோ! அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார். "வழக்கை வாபஸ் வாங்கறீங்களா?"

"ஆமாங்கய்யா. ஏதோ கோபத்துல போட்டுட்டேன். வீட்டை வித்தா இவ புள்ளையைக் கூட்டிட்டு எங்க போவா? வாபஸ் வாங்க எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியலை. ஒரு வக்கீலைப் போய்க் கேட்டா, ஜெயிக்கிற கேஸை ஏன் விடறேன்னு திட்டறார். கீழ ரூம்ல இருக்கற அம்மாதான் எழுதிக் கொடுத்தாங்க."

"சரி. வழக்கு தள்ளுபடி. இந்தப் பதில் மனுவுக்கு இனி வேலையில்லை." நீதிபதி தன் மேஜையில் இருந்ததைப் பிரிக்காமலே ஓரமாக நகர்த்திவிட்டார். "அடுத்த கேஸ்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வீடு மிச்சம். தையல்காரிக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது.

வராந்தாவில் அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் அண்ணனைப் பிடித்தாள்.

"அண்ணா, அந்தப் பேப்பரைக் கொடுத்துடுங்க. அதான் கேஸே முடிஞ்சிடுச்சே..."

"இருக்கட்டும்மா. ஒரு வருஷமா ஒரு வார்த்தை பேசலை நீ. உன் மனசுல என்ன இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

அண்ணன் மடிப்பைப் பிரித்தார். பேப்பரை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பொடி எழுத்து, கண்ணுக்குத் தெரியலை. நீயே படிச்சுச் சொல்லேன் தங்கச்சி."