ஒத்தாசைக்கு ஒரு ஆள்

"பாத்து வா, படி இருக்குது" என்று மனைவியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான் சென்றாயன். துணிப்பை அவன் தோளில், சோற்றுத் தூக்கு அவன் கையில். அவளை அவன் ஒரு துரும்பைக்கூடத் தூக்க விடமாட்டான் போலிருந்தது.

பயிற்சி அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜாமணிக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலூரில் பிசியோதெரபி படித்துவிட்டு அவள் தர்மபுரிக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளுக்கு மாவட்டமும் புதிது, அந்த ஆஸ்பத்திரியில் இந்தப் பிரிவும் புதிது. வாதம் வந்த புருஷனைத் தாங்கிக்கொண்டு வரும் மனைவிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மனைவிக்கு நோவு என்றால் அவள் தனியாகத்தான் பஸ் ஏறி வருவாள்.

தீர்த்தம்மாளுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் பிடித்த வலி தோள் வழியாக வலது கைக்கு இறங்கி, விரல்கள் மரத்துப்போயிருந்தன. எதைப் பிடித்தாலும் நழுவி விழுந்தது.

ராஜாமணி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தலையில பாரம் தூக்குவீங்களா?"

"தண்ணிதாங்க" என்றாள் தீர்த்தம்மாள். "மாரண்டஹள்ளி தாண்டி மேட்டுக்காடுங்க எங்களுது. கீழ ஓடையில ஊத்துத் தோண்டி மொண்டுக்கிட்டு மேடேறணும். வூட்டுக்கும் நான்தான், மாட்டுக்கும் நான்தான்."

"கழுத்தெலும்பு தேஞ்சு நரம்பை அழுத்துது. அதான் கை இப்படி ஆயிடுச்சு."

தாடையில் தோல்வாரை மாட்டி, கப்பியில் எடையைத் தொங்கவிட்டு, கழுத்துக்கு இழுவை கொடுத்தாள் ராஜாமணி. வெந்நீர் ஒத்தடம் வைத்தாள். பிறகு தோளுக்கும் விரலுக்கும் பயிற்சி. சென்றாயன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் தானும் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டான்.

"இனிமே தலையில எதையும் வைக்கக் கூடாது" என்றாள் ராஜாமணி.

"கொஞ்ச நாளைக்குங்களா?" என்று கேட்டான் சென்றாயன்.

"எப்பவுமே."

"புல்லுக்கட்டு?"

"கூடாது. விறகும் கூடாது. மீறினா கை சுத்தமா விளங்காமப் போயிடும்."

அவன் முகம் கவலையில் சுருங்கியது. "வூட்டுல நாலு மாடு கெடக்குதுங்க. பசங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிடறானுங்க. என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

"ஒத்தாசைக்கு ஒரு ஆளைப் பாருங்க."

சென்றாயன் சற்று யோசித்தான். "சரிங்க, பாத்துடறேன்" என்றவன், மனைவிக்கு டீ வாங்கிவர வெளியே போனான்.

அவன் தலை மறைந்ததும் தீர்த்தம்மாள் இடது கையால் ராஜாமணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "டாக்டரம்மா, அவரு வந்ததும் சின்னக் குடமாச்சும் தூக்கலாம்னு சொல்லிடுங்க."

"எதுக்கு?"

"நீங்க சொன்னாப் போதுங்க. வலிய நான் பொறுத்துக்குவேன்."

ராஜாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்து சாப்பிட வைக்கலாம், பயிற்சி செய்ய வைக்கலாம். இந்தப் பெண்களைச் சும்மா உட்கார வைப்பதுதான் முடியாத காரியம். "கட்டினவரே தாங்கறப்ப உங்களுக்கு என்ன வந்துச்சு? எத்தனை பேருக்கு இப்படி அமையும், சொல்லுங்க!"

தீர்த்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சென்றாயன் டீயோடு வந்துவிட்டான். அவன் காதில் விழ வேண்டும் என்றே ராஜாமணி குரலை உயர்த்தினாள். "ஒரு சொம்புத் தண்ணிகூட இவங்க தலையில ஏறக் கூடாது. உங்க பொறுப்பு!"

"நான் பாத்துக்கறேங்க" என்றான் அவன் பணிவாக.

சொன்னபடியே வாரம் தவறாமல் கூட்டிவந்தான். ஆடி மாசம் முழுக்கச் சிகிச்சை நடந்தது. ஆவணியில்தான் இருவரும் வரவில்லை. விதைப்பு வேலையாக இருக்கும் என்று ராஜாமணி நினைத்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்து தீர்த்தம்மாள் வந்தாள். சென்றாயன் தக்காளிக் கூடைகளோடு சந்தைக்குப் போயிருந்தான். பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பையையும் தூக்கையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். இரண்டையும் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் நின்று பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

ராஜாமணி ரப்பர் பந்தை நீட்டினாள். தீர்த்தம்மாளின் வலது கை அதை வாங்கி இறுக்கியது. பந்து பாதியாக நசுங்கியது.

"அடேயப்பா! நரம்புக்கு உசுரு வந்துடுச்சு. தலையில வேண்டாம், ஆனா இடுப்புல ஒரு சின்னக் குடம் தாராளமா எடுக்கலாம்."

தீர்த்தம்மாள் பந்தை விடவில்லை. விரல்கள் வெளுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். "இப்பச் சொல்றீங்களே" என்றாள்.

ஏதோ செல்லக் கோபம் என்று எடுத்துக்கொண்ட ராஜாமணி, சுவரோரம் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். "ஆள் பாத்துட்டாரா? பரவாயில்லையே, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு! புதுச் சேலை வேற எடுத்துக் குடுத்திருக்காரு. மாசம் என்ன கூலி பேசியிருக்கு?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

தீர்த்தம்மாள்தான் பதில் சொன்னாள். "கூலியெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. தாலி கட்டிக் கூட்டியாந்துட்டாரு."