பொய்க்குறி

"மணி நின்னுபோச்சு! அசையாதீங்க தம்பி, ஒரு அடி எடுத்து வைக்காதீங்க."

சாவெரியோ கையை உயர்த்தினார். இதுவரை மரங்களுக்கிடையே கிணுகிணுத்துக்கொண்டிருந்த நாயின் கழுத்துமணி ஓய்ந்திருந்தது. மணி ஓய்ந்தால், நாய் பறவையை மோப்பம் பிடித்துக் குறி காட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

இருவரும் சருகு நொறுங்காமல் நெருங்கினார்கள். புதருக்கு முன்னால் நாய் ஃபூமோ கல்லில் வடித்து வைத்ததுபோல் நின்றது. முன்னங்கால் ஒன்று மடங்கியிருந்தது. மூக்கு நீண்டு, வால் ஈட்டிபோல் விறைத்திருந்தது. பிறந்து பதினொரு மாதம்தான்.

"இப்ப போங்க."

கூட வந்த நுன்சியோ புதரை மிதித்தான். காட்டு உள்ளான் படபடவென்று எழும்பியது. சுட்டான். பறவை சருகில் விழுந்தது. ஃபூமோ அசையவே இல்லை. சாவெரியோ கட்டளை கொடுத்த பிறகுதான் ஓடிப்போய், இறகு கசங்காமல் கவ்விக்கொண்டு வந்தது.

"அடேயப்பா! இது நாயா, பாதிரியாரா வாத்தியாரே? பூசை முடியறவரைக்கும் ஒரு கொட்டாவிகூட விடலையே!"

"பாதிரியார் பொய் சொல்லுவாரு. இது சொல்லாது."

"சொன்னா? பொய்க்குறி காட்டுற நாய்க்கு உங்க கையால ஒரு தோட்டாதானாமே. எங்க ஊர் வரைக்கும் அந்தப் பேச்சு இருக்கு."

"உண்மைதான். பறவை இல்லாத இடத்துல நிக்கிற நாய் ஊரையே ஏமாத்தும். இருபது வருஷத்துல ரெண்டு நாயைச் சுட்டிருக்கேன். மூணாவது இதுவா இருக்காது." சொல்லும்போதே அவர் கை ஃபூமோவின் காதை வருடியது.

ஆறு மாதத்துக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நுன்சியோ இந்தக் குட்டியைக் கொண்டுவந்து, வேட்டைக்குப் பழக்கச் சொல்லி அவரிடம் விட்டான். போகும்போது இரண்டு நிபந்தனை போட்டான். கொட்டிலில் கட்டக் கூடாது, வீட்டுக்குள் படுக்க வேண்டும். வீட்டில் யார் எங்கே போனாலும் கூடவே கூட்டிப்போக வேண்டும். பணக்காரக் கிறுக்கு என்று சாவெரியோ சிரித்துக்கொண்டார்.

ஆனால் மகன் போனதிலிருந்து மூன்று வருஷமாக வெறிச்சோடிக் கிடந்த அந்த வீட்டில், ஒரே வாரத்தில் குட்டி பிள்ளையாகிவிட்டது. அவர் மனைவி தன் தட்டிலிருந்தே அதற்கு ஊட்டினாள். அவள் சுள்ளி பொறுக்க மலையேறினாலும் அதுதான் துணை. இன்று தேறிவிட்டால் ஃபூமோ போய்விடும். போகட்டும், எங்கேயோ நன்றாக இருக்கட்டும் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தார்.

"மகன் ஆஸ்திரேலியாவுலேர்ந்து லெட்டர் போடுறானா வாத்தியாரே?"

"போடுறான், போடுறான். வாங்க, கீழ ஓடைப் பக்கம் போவோம். பறவை அங்கதான் இருக்கும்."

மணிச் சத்தம் மேலே ஏறியது. சாவெரியோ விசிலடித்தார். மறுபடியும் அடித்தார். மணி இன்னும் மேலே போய், சட்டென்று நின்றது.

மேட்டில் கைவிடப்பட்ட ஆட்டுப்பட்டி ஒன்று இருந்தது. கல் சுவர், பாதி சரிந்த கூரை, சாத்திய கதவு. அந்தக் கதவுக்கு நேராக ஃபூமோ நின்றுகொண்டிருந்தது.

சாவெரியோவின் முகம் வெளுத்தது.

"பொய்க்குறி" என்றார்.

"என்னது?"

"வாலைப் பாருங்க. பறவை இருந்தா விறைக்கும். இது ஆட்டிக்கிட்டு நிக்குது. முள்ளெலியோ என்ன எழவோ. வாங்க, போவோம்."

"எதுக்கும் ஒரு எட்டு உள்ள பாத்துடறேன்."

"கூடாது! பொய்க்குறிக்குப் பின்னாடி வேட்டைக்காரன் போனா நாய்க்கு அதுவே பழகிடும். ஃபூமோ, வா இங்க!"

நாய் திரும்பி அவரைப் பார்த்தது. மறுபடியும் கதவைப் பார்த்து நின்றது.

"சரி விடுங்க, குட்டிதானே" என்றான் நுன்சியோ. "நான் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு இதே காட்டுல அவுத்துவிட்டுப் பாக்கறேன், எங்க போய் நிக்குதுன்னு."

"பொய்க்குறி நாயை நான் யாருக்கும் குடுக்கறதில்ல."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

சாவெரியோ தோளிலிருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை இறக்கினார். ஃபூமோ அவரிடம் ஓடிவரப் பார்த்தது.

"நில்" என்றார்.

கற்றுக்கொடுத்தபடியே நாய் நின்றது. ஒரு முடிகூட அசையவில்லை.

வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பியது. மணி ஒரே ஒரு தரம் கிணுங்கியது. சாவெரியோ மண்டியிட்டு, இன்னும் சூடு ஆறாத அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

நுன்சியோ தன் இரட்டைக்குழலைத் திறந்து, பறவைத் தோட்டாக்களை உருவிப் பையில் போட்டான். காட்டுப்பன்றிக்குப் போடும் பெரிய தோட்டா இரண்டை எடுத்துச் செருகினான்.

"குட்டி தப்பாவும் நின்னிருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு வாத்தியாரே. பெத்த பிள்ளை மாதிரி வளத்ததை நீங்களே சுட்டதும் அது தீந்துபோச்சு."

குழலைப் பட்டிக் கதவை நோக்கி நீட்டினான்.

"இப்ப பெத்த பிள்ளையை வெளிய வரச் சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன் கொன்னது எங்கண்ணனை."