திருட்டுப் படத்துக்கு ஒரு புகார்

“திருடனுங்களுக்கு எதுக்கு நாற்காலி? நிக்கட்டும் விடு மஞ்சு.”

கிஷோர் சொன்னது தெருவரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான். கூட்டத்தோடு வந்த வெங்கடம்மாவுக்கு நாற்காலி இழுத்துக்கொண்டிருந்த ஆபீஸ் பெண் மஞ்சு பாதியில் நின்றாள்.

ஆந்திர எல்லை ஊரான நகரியின் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கிஷோரின் இன்டர்நெட் ஏஜென்சிக்குள் விஜயபுரத்துக் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. முன்னால் நின்ற முனிகிருஷ்ணன், தோளில் இருந்த யூரியா பையை அவிழ்த்து மேஜைமேல் கவிழ்த்தார். ஒயரும் தூசியுமாக மோடங்கள் சரிந்து விழுந்தன.

“எல்லார் வூட்டு டப்பாவும் கீது. கனெக்‌ஷன கட் பண்ணிடு கிஷோரு. உங்க கம்பெனி அந்தச் சட்டத்துக்கு ஜே போட்றத நிறுத்தற வரைக்கும் எங்களுக்கு உங்க நெட்டு வேணாம்.”

அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை, வரப்போகிறது. இணையத்தில் திருட்டுப் படம் போடும் தளத்தின்மேல் ஒரே ஒரு புகார் வந்தால் போதும். விசாரணை கிடையாது, தளத்தையே இழுத்து மூடிவிடலாம். கிஷோர் ஏஜென்சி எடுத்திருந்த கம்பெனி பேப்பரில் பெரிதாக விளம்பரம் கொடுத்து அதை ஆதரித்திருந்தது.

கிஷோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேர்க்கடலை பிடுங்குகிற கூட்டத்துக்குப் போராட்டம் ஒரு கேடு! ஓசியில் படம் பார்க்க முடியாமல் போகுமே என்கிற வயிற்றெரிச்சலுக்குப் பெயர் புறக்கணிப்பாம்.

காலையில்தான் கம்பெனியின் திருப்பதி மேனேஜர் போனில் காய்ச்சி எடுத்திருந்தார். “ஏமய்யா, சாயங்காலத்துக்குள்ள அவங்கள அடக்கு. இல்லன்னா ஏஜென்சி வேற ஆளுக்குப் போயிடும்.” கம்பம் கம்பமாக ஏறி அவனே இழுத்த லைன் அத்தனையும் எவனோ ஒருத்தனுக்குப் போய்விடும்.

“ஏண்ணா, தேட்டருக்குப் போய்ப் பாத்தா காலு தேஞ்சிடுமா?”

“நம்ம ஊரு தேட்டர்ல தெலுங்குல டப்பிங் பண்ணியில்ல போட்றான்” என்றாள் வெங்கடம்மா. “தமிழ்ல பாக்கணும்னா திருத்தணிக்கு ஓடணும். செவனேன்னு செல்லுல பாத்துக்கினு இருந்தோம், அதுவும் பொறுக்கல உங்களுக்கு.”

“கேட்டுக்கோ மஞ்சு! தானத்துக்கு வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாத்த கதையால்ல கீது. திருடுறது திருட்டு, அதுல தமிழு வேற வேணுமாம்.”

மஞ்சு சிரிக்கவில்லை. கிஷோர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. அவனிடம் துருப்புச் சீட்டு ஒன்று இருந்தது. காலையில் தேடிக் கண்டுபிடித்தது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வாய்.

முனிகிருஷ்ணனை ஊரில் முதுகுக்குப் பின்னால் ‘டைரக்டர்’ என்பார்கள். இருந்த மாந்தோப்பை விற்று, ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து, ஊர்ப்பேச்சிலேயே ஒரு படம் எடுத்துத் தொலைத்த மனுஷன். ‘இது என்ன தமிழய்யா, பாதி தெலுங்கு?’ என்று சென்னையில் கைவிரித்தார்கள். ‘தமிழ்ப் படம் எங்களுக்கெதுக்கு?’ என்று திருப்பதியில் கதவைச் சாத்தினார்கள். நடித்தவர்களுக்கே படத்தைக் காட்ட அவருக்கு முகம் இல்லாமல் போயிற்று.

கிஷோர் கம்ப்யூட்டரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான்.

“இது யாரு படம்னு நல்லா பாருங்கண்ணா.”

திரையில் விஜயபுரத்து வயல். ஒரு பொம்பளை சேற்றில் நின்றபடி வரப்பில் போகிறவனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஐயய்யோ, அது நான்தாம்பா!” வெங்கடம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“நீங்க கொடி புடிக்கிறீங்களே, அதே திருட்டு சைட்டுலதான் கீது. தேட்டர்ல செல்லுல ஒளிச்சுப் புடிச்ச படம்னா குறுக்க எவன் தலையாச்சும் ஆடும், எவனாச்சும் இருமுவான். இதுல ஒண்ணும் கெடையாது. கண்ணாடி மாதிரி அப்படியே முழுசா லவட்டிக்கினான். யாருக்காக இங்க வந்து நிக்கறீங்களோ அவனே உங்க வயித்துல அடிச்சுக்கீறான். இப்ப சொல்லுங்க, சட்டம் வேணுமா, வேணாமா?”

கூட்டம் சலசலத்தது. “அடப் பாவி, தோப்ப வித்துல்ல எடுத்தாரு!” என்றது ஒரு குரல். ஒருவன் தன் மோடத்தைத் தேடி எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கையை நீட்டினார்கள். போராட்டமாம் போராட்டம், இவ்வளவுதான் இவர்கள் வீரம் என்று கிஷோருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது.

முனிகிருஷ்ணன் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எத்தினி பேரு பாத்துக்கீறாங்க தம்பி?”

“நாலு லட்சம் பேரு! மலேசியாவுலேர்ந்துகூட எவனோ சூப்பர்னு எழுதிக்கீறான். அத்தினியும் ஓசி!”

முனிகிருஷ்ணனின் கண் கலங்கியது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று நினைத்தான் கிஷோர். சூடு பட்டால்தானே இந்த ஜென்மங்களுக்குப் புத்தி வரும்.

“புகார் ஒண்ணு கொடுங்கண்ணா, மிச்சத்த கம்பெனி பாத்துக்கும். சட்டம் வந்தா சைட்ட மூடறதோட விட்றதா இல்ல. படத்த நெட்ல ஏத்தினவன் எவனா இருந்தாலும் உள்ள தள்ளிடுவோம். உங்களுக்கு யாரு மேல சந்தேகம், அத மட்டும் சொல்லுங்க.”

முனிகிருஷ்ணன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து, விலங்கு மாட்ட நீட்டுகிறவரைப்போல் மேஜைமேல் நீட்டினார்.

“சந்தேகமே இல்ல தம்பி, நான்தான் ஏத்துனேன்.”